உப்பில்லாத கூனிப்பொடி

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்ட இரண்டு கேள்விக்கும் நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "நைனா ஒழுங்கா துன்றாரா?" என்று கேட்டாய். துன்றாரு என்றேன். "கம்பெனில இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து கேக்குறாங்கம்மா, போடட்டா?" என்று கேட்டாய். உன் இஷ்டம் என்றேன். நான் உன்னோடு பேசும்போதெல்லாம் உன் நைனா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, டிவியைப் பார்க்கிற மாதிரியே என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார். அது உனக்கு அங்கிருந்து தெரியாது. அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவரைப் பற்றி நான் என்ன சொல்ல முடியும்? உன் அறையில் தங்கியிருக்கிற தண்டையார்பேட்டைப் பையன் லீவு முடிந்து சிங்கப்பூர் திரும்பப் போகிறான் என்று நீதான் சொன்னாய். அவனிடம் கொடுத்தனுப்பத்தான் இதை எழுதுகிறேன். மத்தியானம் மார்க்கெட்டில் ஆள் வராத நேரத்தில், என் கருவாட்டுக் கடையின் தார்ப்பாய் நிழலில் உட்கார்ந்து எழுதுகிறேன். காகிதத்தில் வாடை அடித்தால் அதனால்தான் என்று நினைத்துக்கொள்.

உனக்குத் தெரிந்ததையும் எழுதுவேன், தெரியாததையும் எழுதுவேன். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னால்தான் உன் இரண்டு கேள்விக்கும் பதில் வரும்.

கல்யாணமான புதிதில் உன் நைனா விசைப்படகுக்கு டிரைவராக, காசிமேட்டிலிருந்து பல நாள் கடலிலேயே இருந்து மீன் பிடிக்கிற தங்கலுக்குப் போய்க்கொண்டிருந்தார். எனக்கு அவரோடு பேசவே கூச்சம். முதல் தடவை அவர் கிளம்பியபோது என்ன கொடுத்தனுப்புவது என்று தெரியாமல் ஒரு பாட்டில் கூனிப்பொடி கொடுத்தேன். நகத்தை வெட்டிப்போட்ட மாதிரி இருக்குமே அந்தப் பொடி இறால், அதை உப்புப் போட்டுக் காய வைத்து, காய்ந்த மிளகாய், பூண்டு, சீரகம், தனியா, கறிவேப்பிலை, ஒரு துண்டு புளி எல்லாம் வறுத்து, கல்லுப்பு தூக்கலாகச் சேர்த்து இடித்த பொடி. மீன் குழம்பை இறக்கும்போது ஒரு கரண்டி, வறுத்த மீன் மேல் ஒரு தூவல், பழைய சோற்றுக்கு ஒரு பிடி. அவர் திரும்பி வந்து வாசலில் நின்று என்னிடம் முதலில் நீட்டியது அந்தக் காலி பாட்டிலைத்தான். "போட்ல இதுக்கு சண்ட போட்டுகினானுங்க. அடுத்த தபா பெரிய பாட்டிலா குடு" என்றார். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அவருக்கு என்னைப் பிடித்திருக்கிறது என்பது அன்றைக்கு எனக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பிடித்திருக்கிறது என்று ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. பொடி தீர்ந்துவிட்டது என்றுதான் சொல்வார். நானும் அதுவே போதும் என்று வைத்துக்கொண்டேன். நம் வீட்டில் ஆசையை நேராகச் சொல்லும் பழக்கம் அப்போதே இல்லாமல் போனது.

போன வருஷம் மழை தொடங்குவதற்கு முன்னால் அவருக்குக் கால் வீங்கியது. ஸ்டியரிங் பிடித்து நின்றுகொண்டே இருக்கிற கால், வீங்காமல் என்ன செய்யும் என்று நாங்கள் இருவரும் விட்டுவிட்டோம். அப்புறம் மாடிப்படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. நீதான் ஆட்டோவில் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாய். இதயம் பலவீனமாகிவிட்டது, உடம்பில் தண்ணீர் தங்குகிறது என்றார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது அந்த டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார்கள். "இனிமேல் கருவாடு, ஊறுகாய், அப்பளம் எதுவும் கூடாது. சமையல்ல உப்பு பேருக்குத்தான் இருக்கணும். நீங்க என்ன வேலை பண்றீங்கம்மா?" என்று என்னைக் கேட்டார்கள். கருவாடு விற்கிறேன் என்றேன். அவர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கஷ்டம்தான், ஆனா பண்ணித்தான் ஆகணும்" என்றார்கள். ஆட்டோவில் வரும்போது உன் நைனா சிரித்துக்கொண்டே சொன்னார். "பொறந்ததுலேந்து உப்புத் தண்ணிலயே கெடக்குறேன். அத்து உள்ள போனாத்தான் ஆவாதாமா?" அந்தச் சிரிப்பு வீட்டுக்கு வந்து முதல் வாய் சோறு வைக்கும் வரைக்கும்தான் இருந்தது.

நல்ல சங்கரா மீன் வாங்கி, உப்பில்லாமல் குழம்பு வைத்தேன். பிசைந்தார், ஒரு வாய் வைத்தார், வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தார், தண்ணீர் குடித்து விழுங்கினார். "இன்னாம்மே இது, ஆஸ்பத்திரி வாசன அடிக்குது" என்று சொல்லிவிட்டுத் தட்டிலேயே கை கழுவினார். மறுநாளும் அப்படித்தான். அதற்கு அடுத்த நாள் சாப்பிடவே வரவில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையாக நிற்கிற கன்டெய்னர் லாரிகளைப் பார்த்தபடி வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். கடல் பின்பக்கம் இருந்தது, அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கன்னம் ஒட்டிப் போனது. சாதா உப்புக்குப் பதிலாக வேறொரு உப்பு மருந்துக் கடையில் விற்கிறது என்று யாரோ சொல்ல, டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் சாப்பிடுகிற மாத்திரைக்கு அதுவும் ஆகாது என்றுவிட்டார்கள்.

எனக்குத் தாங்கவில்லை. மஞ்சள் தூள் டப்பாவுக்குப் பின்னால் பழைய பொடி கொஞ்சம் இருந்தது. ஒரு மத்தியானம் அதில் ஒரு சிட்டிகை எடுத்துக் குழம்பின் மேல் தூவிக் கொடுத்தேன். அவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். தட்டு முழுக்கச் சாப்பிட்டார். மறுநாள் இரண்டு சிட்டிகை. அந்த வாரக் கடைசியில் நீ வேலை முடிந்து வந்து, வழக்கம்போல அவர் காலைப் பிடித்துக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தாய். குழி விழுந்தது, அப்படியே நின்றது, கால் மறுபடி நீர் கோத்திருந்தது. நீ எழுந்து சமையலறைக்குள் வந்து ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தாய். அது கிடைத்ததும் நீ கத்துவாய் என்று நினைத்தேன். நீ கத்தவில்லை. "ம்மா, பாசம் பாசம்னு சொல்லியே அவர சாவடிச்சிடுவ நீ" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, வேலைக்குப் போட்டுப்போன சட்டையோடு அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டாய். உன் மேல் சாத்தாங்காட்டு வெல்டிங் பட்டறையின் இரும்புத் தூள் வாசனை அடித்தது. நான் உன் தலையில் கை வைக்க நினைத்தேன். வைக்கவில்லை.

அதே வாரம்தான் சிங்கப்பூருக்கு ஆள் அனுப்புகிற ஏஜெண்ட் போன் பண்ணினார். வெல்டிங் டெஸ்ட்டில் நீ பாஸ் ஆகிவிட்டாய், அடுத்த மாதமே கப்பல் கட்டுகிற யார்டில் வேலை, கிளம்ப வேண்டும் என்றார். எவ்வளவு நாளாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தாய். ஆனால் நீ போனிலேயே சொன்னாய்: "நைனா சோறு துன்னட்டும் சார். அவரு ஒழுங்கா துன்ன ஆரம்பிச்சா அப்பால வரேன்." கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம், ரொம்ப நாள் ஆகாது என்றார் அவர். இதையெல்லாம் வாசலில் இருந்த உன் நைனா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். லாரியைப் பார்க்கவில்லை அவர், தலையைக் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு நீ அடுப்படிக்கு வந்தாய். வெந்நீர் வைப்பதைத் தவிர அந்த அடுப்பில் நீ எதுவும் செய்து நான் பார்த்ததில்லை. முதலில் கிழங்கான் மீனுக்கு மிளகும் எலுமிச்சையும் தடவி வறுத்தாய். "ஜொரம் வந்தவனுக்குக் குடுக்குற மாதிரி கீது" என்றார். அடுத்த தடவை பாரீஸ் கார்னர் கடைத்தெருவுக்குப் போய் மாங்காய்த் தூள் வாங்கி வந்து, எள்ளும் பூண்டும் சேர்த்து ஒரு பொடி செய்தாய். "பானிபூரி வண்டியாண்ட நிக்குற மாதிரி கீதுடா" என்றார். நான் சிரித்துவிட்டேன், நீ சிரிக்கவில்லை. பொடியை உள்ளங்கையில் கொட்டி நுகர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாய். பிறகு என்னைக் கேட்டாய். "டாக்டர் உப்பு வாணாம்னுதான சொன்னாங்க? கூனி வாணாம்னா சொன்னாங்க? உப்பு போடாம கூனி காய வெக்க முடியாதா?"

இத்தனை வருஷம் கருவாடு விற்கிற எனக்கு அது தோன்றவே இல்லை என்று நான் சொன்னால் பொய். தோன்றியது. ஆனால் உப்பில்லாமல் காய வைத்தால் ஈரக் காற்றுக்கு இரண்டு நாளில் கெட்டுப்போகும், யார் மெனக்கெடுவது என்று விட்டுவிட்டேன். நீ மெனக்கெட்டாய். டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டு வந்தாய். நல்ல தண்ணீரில் நன்றாக அலசி, உப்பே சேர்க்காமல் காய வைத்தால், ஒரு வேளைக்கு ஒரு சின்ன ஸ்பூன் பரவாயில்லை என்றார்கள். விடிகாலையில் கரைக்குப் போய் ஃபைபர் படகுக்காரர்களிடம் உயிர்க் கூனி வாங்கி வந்தாய். மெட்ரோ தண்ணீர் லாரிக்கு நான் வரிசையில் நின்று பிடித்து வைத்திருந்த குடமெல்லாம் அலசியே காலியானது. மாடியில் என் பழைய புடவையை விரித்துப் பரப்பினால், எண்ணூர் பக்கத்திலிருந்து காற்று அடிக்கும்போது கரித்தூள் வந்து விழுந்தது. நீ பட்டறையில் கிடந்த துண்டுக் கம்பிகளை வெல்டிங் வைத்து ஒரு கூடு செய்து, உன் கொசுவலையை வெட்டி அதன் மேல் இழுத்துக் கட்டினாய். அந்தக் கூட்டுக்குள் கூனி நல்ல வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்தது. அதை ஓரம் கருகும் வரைக்கும் வறுத்தாய். பூண்டைத் தோலோடு நெருப்பில் சுட்டாய். எலுமிச்சைத் தோலைக் காய வைத்து இடித்துப் போட்டாய். சூட்டுக்குப் பழகிய கை உனக்கு, கரண்டி இல்லாமலே வாணலியில் கிளறினாய். உப்பு இல்லாத குறையைக் கருகலும் புளிப்பும்தான் சரிக்கட்டும் என்று உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, செய்து செய்து நீயே பிடித்தாய்.

அந்தப் பொடியைத் தூவி முதல் தடவை குழம்பு கொடுத்தபோது நீ அவர் எதிரில் உட்கார்ந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் பக்கவாட்டில் இருந்ததால் எனக்கு வேறு ஒன்று தெரிந்தது. மீசையில் ஒட்டியிருந்த பொடியை அவர் நாக்கு நுனியால் தேடி எடுத்தார். "எப்டி கீது நைனா?" என்றாய். "பரவால்ல. ஆனா இன்னும் வரல. பூண்டு ஜாஸ்தி" என்றார். நீ சரி என்றாய். அடுத்த ஞாயிறு பூண்டைக் குறைத்தாய். மிளகு உறைக்கவில்லை என்றார். மிளகைக் கூட்டினாய். கூனி பச்சை வாடை அடிக்கிறது என்றார். இன்னும் வறுத்தாய். ஒவ்வொரு தடவையும் தட்டு மட்டும் துடைத்து வைத்த மாதிரி காலியாக இருந்தது.

ஒரு நாள் மத்தியானம், நீ பட்டறையில் இருந்தாய். நான் கடையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்திருந்தேன். அவர் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "அந்தப் பொடி எங்கம்மே? கொஞ்சம் போடு" என்றார்.

"நல்லா இல்லன்னு சொன்ன?"

"போடுன்னா போடு."

போட்டேன். குழம்பைப் பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டார். நான் விடவில்லை. "யோவ், இன்னாய்யா டபாய்க்கிற? புள்ள ஞாயித்துக்கெழம ஆனா வெயில்ல நின்னு காய வெக்குது. நல்லா கீதுன்னு ஒரு வார்த்த சொன்னா இன்னா?" என்றேன்.

அவர் தலை நிமிராமல் சொன்னார். "மொத தபாவே நல்லாத்தான் இருந்துச்சி. சொன்னா பொட்டி கட்டிடுவான்."

எனக்குக் கோபம் வரவில்லை கண்ணு. அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். நீ பிறந்தபோது அவர் கடலில் இருந்தார். நீ நடக்கத் தொடங்கியதும், பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்ததும், பட்டறையில் முதல் தடவை கையைச் சுட்டுக்கொண்டதும் எல்லாம் அவருக்கு நான் சொல்லித்தான் தெரியும். அவர் கரையில் இருக்கிற நாளில் நீ வெளியே போயிருப்பாய், இல்லையென்றால் அவர் தூங்கிக்கொண்டிருப்பார். வியாதி வந்துதான் அவருக்கு மகன் கிடைத்தான். சாயங்காலமானால் நீ வேலையிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தாய், மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். இன்ஜின் நின்றுபோய்க் கரை தெரியாத இடத்தில் படகு மிதந்த கதையை அவர் உனக்குச் சொன்னார். அதை எனக்குக்கூட அவர் சொன்னதில்லை. நீ அவரிடம் கப்பல் தகட்டை எப்படி ஒட்டுவது என்று சாப்பாட்டுத் தட்டை வைத்துக் காட்டினாய். இதைக் கெடுக்க எனக்கு வாய் வரவில்லை. நானும் சேர்ந்துகொண்டேன். "ஆமாடா, இன்னும் அந்த ருசி வரல" என்று நானும் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன்.

பிறகு ஏஜெண்ட் கடைசித் தேதி சொல்லிவிட்டார். நீ அதை எங்களிடம் சொல்லவில்லை. வாசலில் நின்று போனில் பேசியது அவர் காதில் விழுந்தது. அன்று சாயங்காலம் காரப்பொடி என்கிற சின்ன மீனில் வைத்த குழம்பு. சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். "வந்துடுச்சிடா. இதான் ருசி. இனிமே எதையும் மாத்தாத" என்றார். அப்புறம், "போய் சாமான்லாம் எடுத்து வெய்யி" என்றார். நீ துள்ளிக் குதிப்பாய் என்று மனசின் ஒரு ஓரத்தில் எதிர்பார்த்தேனோ என்னவோ. நீ மூன்று தட்டையும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாய்.

நான் பின்னாலேயே வந்தேன். நீ கூட்டிலிருந்து கொசுவலையை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தாய். மணலி பக்கத்திலிருந்து கேஸ் நாற்றம் வந்துகொண்டிருந்தது. "சந்தோசமா இல்லியாடா?" என்றேன்.

"எனக்குத் தெரியும்மா" என்றாய். "நான் வூட்ல இல்லாதப்போ டப்பா கொறஞ்சிகினே வருது. நீ துன்ன மாட்ட. அப்ப யாரு துன்றது?"

"தெரிஞ்சிகினா மாத்தி மாத்தி செஞ்ச?"

"அவரு பக்கத்துல குந்தி பேசிகினு துன்றாரும்மா. நான் இன்னான்னு சொல்றது?" என்று சொல்லிவிட்டு வலையை என் கையில் கொடுத்தாய். இருட்டவில்லை இன்னும், உன் முகம் எனக்கு நன்றாகவே தெரிந்தது. அப்போதாவது நான், போக வேண்டாம் என்றோ, எங்களுக்கு நீ இல்லாமல் முடியாது என்றோ, போய் வா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றோ எதையாவது வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டும். "கொசு கடிக்குது, கீழ வா" என்றுதான் சொன்னேன்.

நீ போன பிறகு நடந்ததை இப்போது சொல்கிறேன். கிளம்புவதற்கு முன்னால் பெரிய டப்பா நிறையப் பொடி செய்து வைத்துவிட்டுப் போனாய் அல்லவா, அது இருந்த வரைக்கும் அவர் ஒழுங்காகச் சாப்பிட்டார். அது தீர்ந்ததும் நான் செய்தேன். அதே கூனி, அதே கூடு, நீ சொன்ன அதே பக்குவம். ஒரு வாய் வைத்துவிட்டு, "அவன் செஞ்ச மாதிரி இல்லம்மே" என்றார். பழையபடி டபாய்க்கிறார் என்று நினைத்தேன். ஆனால் இந்தத் தடவை தட்டில் சோறு மீந்தது. மறுநாளும் மீந்தது. டப்பா அடியில் நீ செய்தது கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது, அதைச் சுரண்டி ஒரு கையிலும், நான் செய்ததை ஒரு கையிலும் வைத்து நக்கிப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுதான். அவர் பாதிச் சாப்பாடுதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் கண்ணு. ஞாயிற்றுக்கிழமை நான் போனில் சொன்னது பொய். கால் வீக்கம் இல்லை, மாத்திரை தவறவில்லை, ஆஸ்பத்திரிக்கும் போய் வந்துவிட்டோம், அதற்கெல்லாம் நீ பயப்பட வேண்டாம். சோறு மட்டும் இறங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகும் தட்டில் பாதியை அப்படியே வைத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன். "பொடி அதேதான்யா. ஆளுதான் இல்ல. அத்த சொல்லேன். வாயத் தொறந்து அத்த சொன்னா இன்னா கொறஞ்சிடும்?" என்றேன். அவர் டிவியை நிறுத்தினார். நான் எழுந்திருக்கவில்லை. அப்புறம் சொன்னார். "அவன் இல்லாம துன்னப் புடிக்கலம்மே." இத்தனை வருஷத்தில் அவர் மனசில் இருப்பதைச் சுற்றி வளைக்காமல் நேராகச் சொன்னது அன்றைக்குத்தான். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது என்று நானும் சொன்னேன். அதற்குப் பிறகு இருவரும் அந்த ஆறிப்போன சோற்றைப் பகிர்ந்து சாப்பிட்டோம்.

அதனால்தான் உனக்கும் நேராகச் சொல்கிறேன். கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டாயே, நீ கேட்க நினைத்தது அது இல்லை என்று எனக்குத் தெரியும். நான் வேண்டுமா என்றுதான் கேட்டாய். வேண்டும். தினமும் வேண்டும். சாயங்காலம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் இப்போதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்க்கிறோம். ஆனால் அதற்காக நீ வந்துவிட வேண்டும் என்று நான் எழுதவில்லை. அந்த வேலை உனக்குப் பிடித்திருக்கிறதா, அங்கே உன்னை மரியாதையாக நடத்துகிறார்களா, இன்னும் அங்கே இருந்து கற்றுக்கொள்ள இருக்கிறதா என்று பார்த்து நீ முடிவு செய். நாங்கள் ஏங்குகிறோம் என்பதற்காக வராதே. ஏங்கவில்லை என்று நினைத்துக்கொண்டும் அங்கேயே இருந்துவிடாதே. இரண்டும் தெரிந்து நீ எடுக்கிற முடிவு எதுவானாலும் எங்களுக்குச் சம்மதம். நாளைக்கு உனக்கு ஒருத்தி வருவாள், பிள்ளை பிறக்கும். அவர்களிடம் எதையும் குழம்பிலும் பொடியிலும் ஒளித்து வைக்காதே. பிடித்திருந்தால் பிடித்திருக்கிறது என்று சொல். போகாதே என்று தோன்றினால் போகாதே என்று சொல், கேட்கிறவர்கள் கேட்கட்டும், போகிறவர்கள் போகட்டும். எங்களுக்கு அது இவ்வளவு தாமதமாக வந்தது. நீயும் எங்களைப் போலத்தான் வளர்ந்திருக்கிறாய் என்பது அந்த மாடியில் எனக்குத் தெரிந்துபோனது. அதுதான் எனக்குக் கவலை.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். அப்படிப் பேசிய மறுநாள் காலையில் நான் எழுந்தபோது உன் நைனா பாயில் இல்லை. பயந்துபோய் வெளியே ஓடினேன். கரைப் பக்கமிருந்து பையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்துகொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் கடற்கரைக்குப் போனது அதுதான் முதல் தடவை. கல் கொட்டியிருக்கிற இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தாராம். பையில் கூனி. என்னைத் தொட விடவில்லை. அவரே அலசினார், நின்று நின்று மூச்சு வாங்கி மாடி ஏறி அவரே காய வைத்தார். மறுநாள் அடுப்பு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வறுத்தார். படகில் சமைத்திருக்கிறாரே தவிர, நம் வீட்டு அடுப்பைத் தொட்டு நான் பார்த்ததில்லை. பூண்டு மட்டும் நான் சுட்டுக் கொடுத்தேன். அன்றைக்கு அவர் தட்டில் ஒன்றும் மீதியில்லை. பேசிக்கொண்டே சாப்பிட்டார். உன்னைப் பற்றித்தான் பேச்சு. "ரெண்டு வருசம்னா ரெண்டு வருசம். அவன் வேலய அவன் பாக்கட்டும். நடுவுல லீவு குடுப்பாங்களான்னு மட்டும் கேட்டு எழுது" என்றார்.

கேட்டு எழுதிவிட்டேன். நீ பதில் சொல்.

சாப்பிட்டு முடித்ததும் பொடியில் முக்கால்வாசியை ஒரு டப்பாவில் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டினார். யாருக்கு என்று கேட்டேன்.

"தண்டையார்பேட்டைப் பையன் போறானே, அவன்கிட்ட குட்த்தனுப்பு. நம்ம புள்ள அங்க இன்னாத்த துன்றானோ" என்றார்.

"இதுல உப்பு இல்லியே" என்றேன்.

"அவனுக்கு இன்னா வியாதியா? உப்பு அவனே போட்டுக்கட்டும்."

அம்மா